விரியாத கைக்குப் பரிவட்டம்

மகிழவிளாகம் மகிழவனநாதர் கோயிலில் நாள்தோறும் ஏற்றும் விளக்குகள் அறுபத்தேழு. அத்தனையையும் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கி, துடைத்து, வெயிலில் கவிழ்த்து வைப்பது அஞ்சுகத்தம்மையாரின் தொண்டு. கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. மடைப்பள்ளியில் தரும் ஒரு கட்டிச் சோறுதான் அவருக்கு இரண்டு வேளைக்கும் உணவு. "அம்பாள் ஆக்கிப் போடுறா, நான் கழுவிக் கவுக்குறேன். ஒரு வீடுன்னா அப்படித்தானே" என்பார்.

ஐம்பது வயதை ஒட்டி அவருடைய முழங்கைகளில் தோல் வெள்ளைச் செதிலாக உரியத் தொடங்கிற்று. பிறகு நகங்களில் ஊசி குத்தினாற்போலப் புள்ளிப் புள்ளியாகக் குழி விழுந்தது. அதன்பின் விரல்கள் பிஞ்சு வெள்ளரிக்காய்போல் வீங்கின. விடியலில் கண் விழித்தால் இரண்டு கைகளும் மூடிக் கிடக்கும். பிரிக்க முயன்றால் உயிர் போய் உயிர் வரும். ஊர்ப் பெண்கள் குளத்துப் படியில் அவரைக் கண்டதும் நாலு படி தள்ளிக் குளித்தார்கள். ஒருத்தி, அவர் துலக்கிய விளக்கில் எண்ணெய் விட்டால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்றே சொல்லித் திரிந்தாள். அம்மையார் அதற்கு வருந்தவில்லை. கூட்டம் விலகி நிற்பதால் தமக்குச் சன்னிதி நன்றாகத் தெரிகிறது என்று சிரித்துக்கொண்டார்.

அதிகாலையில் விளக்குக் கூடையை முழங்கையில் மாட்டிக்கொண்டு, கோயில் மதிலுக்கு வெளியே உள்ள கிணற்றடிக்குப் போவார். அங்கே உட்கார்ந்து ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். விரல்கள் ஒவ்வொன்றாக விடும். அதன்பிறகே துலக்குவார்.

சிவன் கோயிலை விட்டுப் புறப்படுமுன் சண்டிகேசர் எதிரே கைகளை விரித்து மெல்லத் தட்டி, சிவன் சொத்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று காட்டுவது வழக்கம். காலை வேளையில் அம்மையாருக்குக் கை தட்ட வராது. தலையை மட்டும் தாழ்த்தி வணங்கிவிட்டுக் கிணற்றடிக்குப் போவார்.

ஆடி வெள்ளியன்று அம்பாளுக்குச் சந்தனக்காப்பு நடந்தது. மறுநாள் காலை காப்பைக் களைந்து, சந்தனத்தை உருண்டைகளாக்கி வழங்கிய பிறகே, அம்பாளின் வைர மூக்குத்தியைக் காணோம் என்பதைச் சபேச குருக்கள் கண்டார். கோயில் முழுவதும் தேடினார்கள். அப்போது கோயில் மணியக்காரர் தில்லைவிடங்கருக்கு ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. காலையில் அஞ்சுகம் சண்டிகேசர் முன் கை தட்டாமல், இரண்டு கைகளையும் மூடியபடியே போனாரே!

மணியக்காரர் கெட்டவர் அல்லர். கோயில் பொருள் என்றால் பதறுகிறவர். நேரே கிணற்றடிக்குச் சென்றார்.

"கையைத் திற, அஞ்சுகம்."

"இப்பத் திறக்க வராதுங்க ஐயா. சித்த நேரம் போனா தானா விரிஞ்சிடும்."

"சித்த நேரத்துல எங்க ஒளிக்கப் போற?"

அம்மையார் அவர் கண்ணெதிரிலேயே வலது கை விரல்களை இடது கையின் புறத்தால் நெம்பினார். கண்ணீர் வழிந்தது. இடது கையையும் அப்படியே நெம்பிக் காட்டினார். இரண்டிலும் ஒன்றுமில்லை. மணியக்காரர் மனம் அதற்கும் ஆறவில்லை. நடிப்பா நோயா, ஒட்டுமா ஒட்டாதா என்று மருத்துவர் எழுதித் தரும்வரை விளக்கைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். நோய் கொடுக்காத துயரத்தை அந்தச் சொல் கொடுத்தது. மூன்று நாள் அம்மையார் கோபுர வாசலுக்கு வெளியே நின்று, யாரோ துலக்கி ஏற்றிய விளக்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

நான்காம் நாள் அரசு மருத்துவமனைக்குப் போனார். மருத்துவர் ஓர் இளம்பெண். அம்மையாரை ஊரில் எவரும் தொடாத காலத்தில், அவர் ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்து, நகங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, காதின் பின்புறத்தையும் பார்த்தார். தம் இரண்டு விரல்களை நீட்டி இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு இருக்கிறது என்று கேட்டார். கடிகாரம் இல்லாத அம்மையார், ஐந்தெழுத்து ஆயிரத்தெட்டு முறை முடியும்போது சுண்டுவிரல் விடும் என்றார். மருத்துவர் நூற்றெட்டைச் சொல்லவைத்து, தம் கடிகாரத்தைப் பார்த்துப் பெருக்கி, ஒன்றரை மணி நேரம் என்று எழுதிக்கொண்டார்.

"வலி பத்துக்கு எத்தனைம்மா?"

"விளக்கு துலக்குறப்ப மூணு, டாக்டரம்மா. சும்மா உக்காந்தா ஏழு. இந்த மூணு நாளா எட்டு."

மருத்துவர் புன்னகைத்தார். "இந்த நோய் அப்படித்தாம்மா. அசைஞ்சா இளகும், சும்மா இருந்தா இறுகும். நீங்க வேலைய விடவேண்டாம்."

சொரியாசிஸ் தோல்நோயோடு வரும் மூட்டுவாதம் இது, பிறருக்கு ஒட்டாது, விடியலில் இந்தக் கைகளால் விரியவும் முடியாது, ஒரு மிளகைக்கூடக் கிள்ளி எடுக்கவும் முடியாது என்று எழுதித் தந்தார். வாரம் ஒருமுறை மாத்திரை, புளி படாமல் கையுறை, பருத்த பிடியுள்ள தூரிகை என்று சொல்லி அனுப்பினார்.

அன்று நண்பகல் நடை சாத்திவிட்டு மண்டபத்தில் கண்ணயர்ந்த குருக்களின் கனவில் அம்பாள் தோன்றினாள். "என் மூக்குத்தி சந்தனத்துக்குள்ளேயே இருக்கிறது. கை தட்டிவிட்டுப் போனவர் வீட்டில் தேடு. அஞ்சுகம் மூடிய கையில் என் நாதர் பேரைத்தான் வைத்திருந்தாள். அந்தக் கைக்கு என் சேலையால் பரிவட்டம் கட்டு" என்றாள்.

அன்று சந்தன உருண்டையை வாங்கிக் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்வந்தவர் மணியக்காரர் என்பது குருக்களுக்கு நினைவு வந்தது. அவர் வீட்டுக்கு ஓடிப்போய் எழுப்ப, மணியக்காரர் தம் பூசை மாடத்திலிருந்த சந்தன உருண்டையை எடுத்து உடைத்தார். உள்ளே மூக்குத்தி மின்னியது. சண்டிகேசர் முன் கை தட்டிய அதே காலையில், அவர் இடுப்பில் முடிந்திருந்த பொட்டலத்தோடு அது கோயிலை விட்டுப் போயிருக்கிறது.

மாலை நடை திறந்தபோது மணியக்காரர் ஊர் பார்க்க அம்மையாரைச் சன்னிதிக்கு அழைத்துவந்தார். மருத்துவர் எழுதித் தந்ததை எல்லோரும் கேட்கப் படித்தார். "என்னை என்ன சொன்னாலும் தகும், அம்மா" என்றார். என்றும் ஒருமையில் அழைத்தவர் வாயில் அந்தச் சொல் அன்றுதான் வந்தது.

"அம்பாள் பொருளாச்சே, கேக்காம இருக்கலாமா? கேட்டது சரிதான் ஐயா. விளக்கை மட்டும் திருப்பிக் குடுங்க."

பரிவட்டம் தலையில் கட்டுவது மரபு. குருக்கள் அம்பாளின் சிவப்புப் பட்டை இரண்டாகக் கிழித்து, அம்மையாரின் வீங்கிய கைகளில் நோகாமல் சுற்றிக் கட்டினார். அவர் அந்தக் கைகளைத் தொட்டது அதுவே முதல்முறை. நோய் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லித் திரிந்தவளும் முன்னால் வந்து நின்றாள்.

நோய் முழுதும் நீங்கிவிடவில்லை. நீங்க வேண்டுமென்று அம்மையாரும் கேட்கவில்லை. சில மாதங்களில் ஐந்தெழுத்து ஐந்நூறைத் தாண்டுமுன்பே விரல்கள் விட்டன. மிச்ச ஐந்நூற்றெட்டையும் விளக்கு துலக்கிக்கொண்டே சொன்னார். வலியையும் வழிபாட்டு வேளையாக்கிக்கொண்ட அஞ்சுகத்தம்மையாரின் கைகள் நம் தலைமேல் இருக்கட்டும்.