புழுவுக்கு நாக்கு நீண்ட கதை

மகளின் பிரசவத்துக்குப் போன பூங்காவனம், நாற்பது நாள் கழித்துத் திரும்பி வந்து வரப்பில் நின்றாள். ஒன்றரை ஏக்கர் மல்லாட்டையில், அந்த நிலக்கடலைச் செடிகளில், ஓர் இலை இல்லை. வெறும் காம்புதான். பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனது தம்பி தாண்டவராயனிடம். அடுத்த போகத்துக்கும் நிலத்தை இவனிடம் விடுவதா என்பதுதான் இப்போது அவள் மனசில் ஓடியது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லு என்பார்கள். தாண்டவராயனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

“எல்லாம் இந்த எல திங்கிற புரோட்டீனியா புழுக்கா,” என்று ஆரம்பித்தான். “ஆதியில அது ஆமணக்கு எலைய தவிர எதையும் மோந்துகூட பாக்காது. ஒரு வருசம் மழ பொய்ச்சிது. ஆமணக்கே மொளைக்கல. அத்தன புழுவும் பட்டினி கெடந்து செத்துச்சி. ஒண்ணே ஒண்ணு மட்டும் மூஞ்ச சுளிச்சிக்கினு மல்லாட்ட எலைய கடிச்சிப் பொழச்சிக்கிச்சி. அதோட வம்சந்தான் இது.”

“நீ கூட இருந்து பாத்தியா?” என்றார் பக்கத்து நிலத்துக் கன்னியப்பன்.

“பாத்தனாவா? அதுக்கு விக்கல் எடுத்தப்ப தண்ணி குடுத்ததே நான்தாண்ணே! அப்பறம் மொளகா, பொகயில, பருத்தின்னு ஒண்ணு வுடல. பருத்தி தின்ன நாக்கு, என் வேட்டிய தின்னுச்சி. ரப்பரும் மரத்துலருந்துதான வருதுன்னு செருப்ப தின்னுச்சி. காயிதமும் மரந்தானன்னு காலண்டர தின்னுச்சி. அதாலதான் மருந்தடிக்கிற நாளே எனக்குத் தெரியாம பூடுச்சி. நேத்து என் கஞ்சிக் குண்டான்ல ஏறி, ஊறுகா எங்கன்னு கேட்டுச்சிக்கா!”

பூங்காவனத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க வைத்துவிட்டானே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

“செருப்பயே தின்ன புழு, என் மல்லாட்டைய ஏன்டா வுட்டுச்சி?” என்றார் கன்னியப்பன். வரப்புக்கு அந்தப் பக்கம் பச்சைப்பசேலென்று இருந்தது.

தாண்டவராயன் யோசிக்கவே இல்லை. “நீதான் ஓரத்த சுத்தி ஆமணக்கு ஊணியிருக்கியே! நாலு எடத்துல தின்னாலும் அதுக்குத் தாய் வூட்டுச் சோறு அதுதாண்ணே. அதுலயே ஒக்காந்துக்கும், உள்ள எறங்காது. ஆமணக்கு இல்லாத கொல்லையிலதான் மத்ததெல்லாம்...”

பாதியில் நிறுத்திக்கொண்டான். புளுகிப் புளுகி உண்மையில் போய் விழுந்துவிட்டது அவனுக்கே தெரிந்துவிட்டது.

“ஓரமா ஊணச் சொல்லி ஒரு படி ஆமணக்கு வெத குடுத்துட்டுப் போனனே, எங்கடா?” என்றாள் பூங்காவனம்.

“அதையும் அந்தப் புழுதாங்க்கா...”

“போதும்டா. அடுத்த போகம் நெலத்த கன்னியப்பண்ணன் பாக்கட்டும்.”

“அப்ப சோத்துக்கு நான் இன்னாக்கா பண்ணுவன்?”

“பொறந்ததுலருந்து நீ அக்கா வூட்டுச் சோத்த தவிர வேற எதையும் மோந்து பாத்ததில்ல. இந்த வருசம் அது மொளைக்காது. பழகிக்கோ.”