புள்ளி ஒன்று

சொர்ணலிங்கத்துக்கு நாற்பத்தேழு வயது. அவருக்கு ஆய்வு வழிகாட்டி ஹசீனா; வயது முப்பத்துநாலு. இவர் 'மேடம்' என்பார், அவர் 'சார்' என்பார்.

அணுக்கழிவு ஆய்வுக்கூடத்தில் இருபது வருஷம் டெக்னீஷியனாக இருந்துவிட்டு, வீட்டார் சிரித்ததையும் பொருட்படுத்தாமல் பிஎச்.டி.க்குப் பதிந்தவர் லிங்கம். நாளை கமிட்டி. அதற்குள் அமெரிசியத்தை யூரோப்பியத்திலிருந்து பிரித்துக் காட்டாவிட்டால் பதிவு ரத்து.

அமெரிசியம் ஆயிரக்கணக்கான வருஷம் கதிர்வீசும் கழிவு. தனியே எடுத்தால் உலையிலேயே எரித்துத் தீர்க்கலாம். யூரோப்பியம் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தால் நியூட்ரானை விழுங்கிக் காரியத்தைக் கெடுக்கும்.

இரண்டையும் பிரிக்க லிங்கம் மூன்று வருஷம் பாடுபட்டு ஒரு மூலக்கூறு செய்திருந்தார். நைட்ரஜன் அணுக்கள்தான் அதற்குக் கைகள். மேலே எண்ணெயில் அந்த மூலக்கூறு, கீழே அமிலத் தண்ணீரில் இரண்டு உலோகமும். குலுக்கினால் அமெரிசியம் மட்டும் மேலே ஏற வேண்டும்.

ஏதோ துளிதான் ஏறியது. அமிலத்தைக் கூட்டினார். இருந்ததும் போயிற்று.

மதியம் கேன்டீனில் ஹசீனாவைப் பிடித்தார். லிங்கத்தின் ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டு, மறு கையில் ரச டம்ளர்.

"மேடம், ரெண்டும் ஒரே சார்ஜ், கிட்டத்தட்ட ஒரே சைஸ். எது எதுன்னு அது எப்படிக் கண்டுபிடிக்கும்? நான் செஞ்சதுக்குக் கண்ணே இல்ல!"

"கண்ணு எதுக்கு சார்? தொட்டுப் பார்த்தா தெரிஞ்சுடும்."

"தொடவே மாட்டேங்குதே!"

ஹசீனா தன் தட்டிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து நீட்டினார்.

"பிடிங்க சார்."

"ஐயோ, இப்ப எப்படி மேடம்? ரெண்டு கையிலயும் இருக்கே."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"அமிலம் எவ்வளவு வெச்சீங்க?"

"நேத்து ஒரு மோலார். இன்னிக்கு மூணு."

"அமிலத்தில என்ன சார் இருக்கு?"

"ஹைட்ரஜன்..."

தட்டில் ரசம் சிந்தியது.

"அடக் கடவுளே! என் நைட்ரஜன் கையெல்லாம் ஹைட்ரஜனைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது!"

தட்டையும் டம்ளரையும் அப்படியே மேசையில் வைத்துவிட்டு நடந்தார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க சார், அமெரிசியம் எங்கயும் ஓடிடாது" என்று ஹசீனா கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

அமிலத்தைப் பத்தில் ஒரு பங்கு மோலாருக்கு இறக்கினார். குலுக்கினார், தெளிய விட்டார், இரண்டிலும் கதிர்வீச்சை அளந்து பார்த்தார். மேலே எண்ணெயில் அமெரிசியம். யூரோப்பியம் கீழேயே கிடந்தது. மூன்று முறை செய்தார், மூன்று முறையும் அதேதான். அந்த மனுஷனுக்கு வந்த சந்தோஷத்தில் கையுறையைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

மூன்றரை மணிக்குப் பழைய நோட்டுடன் ஹசீனாவின் அறைக்கு வந்தார். சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

"பிரிஞ்சிடுச்சு மேடம்."

"தெரியும் சார். உங்க முகத்திலயே இருக்கு."

லிங்கம் நோட்டை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார். முதல் பக்கம், ஹசீனாவின் கையெழுத்து. 'அமிலம் .1 மோலார்' என்று இருந்தது. அந்தப் புள்ளியின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு அடிப்பு.

"அடிச்சது நான்தான் மேடம். பழைய கரைப்பான்ல அமிலம் கூடக்கூட நல்லா இழுக்கும், இருபது வருஷம் பார்த்தவன். சின்னப் பொண்ணு, புள்ளியைத் தப்பா வெச்சிடுச்சுன்னு நினைச்சேன்."

"பார்த்தேன் சார். அன்னிக்கே பார்த்தேன்."

"பார்த்தும் ஏன் மேடம் மறுபடி சொல்லல?"

ஹசீனா இழுப்பறையைத் திறந்து, மதியம் அவர் வாங்காமல் போன வாழைப்பழத்தை எடுத்து நீட்டினார்.

"அன்னிக்கு உங்க கை காலியா இல்லையே சார். இப்ப பிடிப்பீங்க இல்ல?"

லிங்கம் நோட்டைக் கீழே வைத்தார்.