லேப் பக்கம் வராத பெண்

விலங்கியல் துறைத் தலைவர் தணிகாசலம் கையெழுத்துப் போட்ட அனுபவச் சான்றிதழ் இல்லாமல் அந்தக் காலேஜில் யாரும் பிஎச்.டி. சேர முடியாது. அவரிடமே இரண்டு வருஷம் ஆய்வு உதவியாளராகக் கிடந்த இசக்கியம்மாளுக்கு மனுஷன் அதைத் தரவில்லை. நேர்முகத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியை, ஏன் என்று கேட்டார்.

"இந்தப் பொண்ணு லேப் பக்கமே வந்ததில்ல மேடம்," என்றார் தணிகாசலம்.

"சார் சொல்றது நெசந்தான் மேடம்," என்றாள் இசக்கி. "சார் பையனை ஸ்கூல்ல விட்டு, மாவு அரைச்சுக் குடுத்து, கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிட்டு வரதுக்குள்ள லேப்பைப் பூட்டிருவாங்க. சார் தராட்டா என்ன, அவங்க வீட்டம்மாகிட்ட சான்றிதழ் வாங்கிட்டு வரட்டுமா?"

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தணிகாசலத்தைப் பார்த்தார். தணிகாசலம் பேனாவைத் தேடினார்.

"இப்பத்தான் ஞாபகம் வருது. மைக்ரோஸ்கோப்புல கெட்டிக்காரப் பொண்ணு மேடம்," என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

இடம் கிடைத்தது. வழிகாட்டியாக யார் வேண்டும் என்று பேராசிரியை கேட்டார்.

"பிள்ளைங்க எல்லாம் வளர்ந்து வேலைக்குப் போயிட்ட சாரா பார்த்துச் சொல்லுங்க மேடம்."