பூங்காவனத்தம்மாள் கட்டிய காப்பு

சென்னையின் ஒரு மீன் சந்தை வாசலில் அரிவாள்மணை போட்டு உட்கார்ந்து, பிறர் வாங்கி வரும் மீனை ஆய்ந்து கொடுத்துப் பிழைத்தார் பூங்காவனத்தம்மாள். வேலை முடிந்ததும் புளி தேய்த்துக் கை கழுவிக்கொண்டு, கால்வாயோரத்துக் குடிசைகளுக்கு நடுவே இருந்த எல்லையம்மன் கோயிலுக்குப் போவார். உள்ளே மட்டும் போகமாட்டார். "கவுச்சி போவலம்மா, இங்கேர்ந்தே பாத்துக்கறேன்" என்று படிக்கு வெளியே நின்று கும்பிடுவார். பூசாரி ஏகாம்பரமும் ஒருநாளும் உள்ளே அழைத்ததில்லை.

அந்த ஆண்டு குடிசைகளை அகற்றி, எல்லாரையும் நகரத்துக்கு வெளியே அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்ப உத்தரவு வந்தது. ஆடி பிறந்தும் கோயிலில் காப்புக் கட்டவில்லை. "ஊரே போவப் போவுது, எந்த ஊருக்குக் காப்பு?" என்று பூசாரி விட்டுவிட்டார்.

அப்போதுதான் தெரு நாடகம் போடும் தேவநேசன் அங்கே வந்தார். ஏழைகளை நகரத்துக்கு வெளியே தள்ளும் கொடுமையை அந்த மக்களையே கொண்டு நடித்துக்காட்ட விரும்பினார். அவர் கதையில் எல்லையம்மனுக்கே வீட்டு டோக்கன் கொடுத்து, எட்டாவது மாடிக்குப் போகச் சொல்வார்கள். அம்மன் வேஷம் கட்ட எல்லாரும் பயந்தார்கள். பூங்காவனத்தம்மாள் ஒப்புக்கொண்டார். ஆனால் மஞ்சளை நூலில் முடிந்து மணிக்கட்டில் காப்பாகக் கட்டிக்கொண்டார். காப்புக் கட்டியவர் கூழ் ஊற்றும் நாள்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. சந்தையோ கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம், எல்லைக்கு வெளியே. வேலை போயிற்று, பல வேளை பட்டினி.

"நாடகத்துக்கு எதுக்குக்கா நெஜக் காப்பு?" என்று சிரித்தார் தேவநேசன்.

"வேஷம் என்னுது. பேரு அவளுதாச்சே, தம்பி."

"செதிலு ஒட்டிக்கினு அம்மனாம்! நாளைக்கி நானும் நண்டு வித்துட்டு சிவனாவறேன்" என்றார் பூசாரி. கூட்டம் சிரித்தது.

நாடகத்தில் அதிகாரி டோக்கனை நீட்டியபோது பூங்காவனத்தம்மாள் கேட்டார்: "எல்லையக் காக்கறவள எல்லைக்கி அந்தாண்ட தள்ளினா, நான் எத்தடா காப்பேன்?" அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

சில நாளில் லாரிகள் வந்தன. ஏறாதவருக்கு வீட்டுச் சாவி கிடையாது என்று அறிவித்தார்கள். தேவநேசன் ஓடிவந்தார்.

"அக்கா, நாடகம் முடிஞ்சிருச்சு. காப்ப அவுத்துட்டு ஏறுங்க. வீடு கெடைக்காமப் போயிடும்."

"உனக்கு முடிஞ்சிருச்சு தம்பி. அவளுக்கு இன்னும் கூழு ஊத்தலியே."

சொன்னாரே தவிர, அவருக்கும் பயம்தான். மழைக்காலத்தில் எங்கே படுப்பது? கோயில் படிக்கு வெளியே உட்கார்ந்து, "தாயே, எல்லாரும் போறாங்க. நீ ஒண்டி, நான் ஒண்டி" என்று அழுதார்.

கற்பூரத் தட்டை மூட்டை கட்டிக்கொண்டு லாரிக்குப் போன பூசாரி, பூங்காவனத்தம்மாள் கையில் இருந்த மஞ்சளைப் பார்த்து நின்றார். அவர் உடல் உதறியது. மூட்டை விழுந்தது. அருள் வந்துவிட்டது.

"எனக்குக் காப்பு கட்டினவ இருக்கறாடா! கூழு குடிக்காம எவன்டா என் எல்லையத் தாண்டறது?"

முதல் லாரியில் இருந்த பெண்கள் குதித்து இறங்கினார்கள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, செருப்பைக் கழற்றினார். ஒருவரும் திரும்ப ஏறவில்லை. கூழ் ஊற்றும்வரை பொறுப்பதாகச் சொல்லி அதிகாரிகள் திரும்பினார்கள். அதற்கப்புறம் என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாது.

அருள் மலையேறியதும் பூசாரி தலைகுனிந்து நின்றார். "உள்ள வா தாயி" என்றார்.

பூங்காவனத்தம்மாள் கையை முகர்ந்து பார்த்தார். "கவுச்சி..."

"அவ ஒன்னும் சொல்லலியே."

முதல்முறையாக அவர் படி ஏறினார். ஊர் விட்டுவிட்ட காப்பைத் தன் கையில் கட்டிக் காத்த அந்தத் தாயின் பாதம் நம் தலைமேல் இருக்கட்டும்.