ஏழு பேருக்குக் குறைந்தால்

“எங்க கிளப்பைக் கெடுத்தது யாரு, டீச்சர்?”

இதைக் கேட்கத்தான் ததேயு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். சிப்பித்துறை கால்பந்துக் கழகத்தின் செயலாளர். வயது ஐம்பத்தெட்டு. கையில் ரெக்ஸின் பை, பைக்குள் ஒரு பக்கம் விடாமல் எழுதி நிரப்பிய நோட்டு.

பெனிட்டா டீச்சருக்கு முப்பத்தொன்று. பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. சனி, ஞாயிறுகளில் மாவட்ட லீக் ஆட்டங்களுக்கு ரெஃப்ரி. மைதானத்து ஓரம் குந்தி உட்கார்ந்து பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

தலை நிமிராமலே, விவரமாகச் சொல்லுங்கள் என்றார்.

விவரம் இதுதான். ஒன்பது வருடத்துக்கு முன்பு சிப்பித்துறை முதல் பிரிவில் ஆடியது. பிறகு இரண்டாம் பிரிவு. இப்போது மூன்றாம் பிரிவில் கடைசி இடம். அதற்குக் கீழே ஒரு பிரிவு இல்லை. இருந்திருந்தால் அங்கேயும் போயிருப்பார்கள்.

ஆனால் ஏன் தோற்றோம் என்று கண்டுபிடிப்பதில் சிப்பித்துறையை மிஞ்ச ஆளில்லை. லீக் முடிந்ததும் விசாரணைக் கமிஷன் போடுவார்கள். ஒரே ஆள் கமிஷன். அவர் ஒரு மாதம் விசாரித்து, காரணமானவர் யார் என்று பொதுக்குழுவில் வாசிப்பார். அந்தப் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்குவார்கள். பிறகு பிரியாணி.

பயிற்சிக்குப் பதினான்கு பேர் வந்தால் பெரிய விஷயம். பொதுக்குழுவுக்கு இருநூறு பேர் வருவார்கள். பெண்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை. பிரியாணி கிண்டச் சேர்த்துக்கொள்வார்கள்.

இதுவரை எட்டுக் கமிஷன், ஒன்பது பேர்.

கோச் எமிலியான், கால் வீங்கிய தன் மகனை ஆறு ஆட்டத்தில் இறக்கினார். நிரூபணமானது. தடுப்பில் ஆடிய அண்ணன் தம்பி இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, அதனால் பந்தையும் கொடுத்துக்கொள்ளவில்லை. நிரூபணமானது. ஒரே தீர்மானத்தில் இருவரையும் நீக்கினார்கள். வெளியே போகும்போது இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள்.

ஒரு வருடம் ஒருவருமே சிக்கவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று கத்திக் கத்திச் சொந்த கோல்கீப்பரைக் குழப்பிய ரசிகர் ஒருவரை நீக்கினார்கள். அதுவும் பொய்யில்லை. மனுஷன் கத்தத்தான் செய்தார்.

ஒரு தீர்ப்புகூடத் தப்பில்லை என்று ததேயு பெருமையாகவே சொன்னார்.

பெனிட்டா காற்றடித்த பந்தை அமுக்கிப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

இந்த வருடம் கமிஷன் ததேயுதான். ஊர் அவருக்கு வேலையே வைக்கவில்லை. பெயரை முன்னமே எடுத்து வைத்துவிட்டது. கோல்கீப்பர் கில்டஸ். கடைசி ஆட்டத்தில் இரண்டு கோல் அவன் காலிடுக்கு வழியாகவே போயிருந்தது.

கில்டஸ் ததேயுவின் அக்கா மகன்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. செவ்வாய்க்கிழமை போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள். அதற்கு கிளப் கடிதம் வேண்டும். பெயர் நீக்கப்பட்டால் கடிதம் கிடையாது. அடுத்த முறை ஆள் எடுப்பதற்குள் கில்டஸுக்கு வயது தாண்டிவிடும்.

அக்கா இதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று நாளாகத் தம்பிக்குத் தரும் டீயில் சீனி போடவில்லை, அவ்வளவுதான்.

பெயரைச் சொன்னால் அக்கா வீட்டு வாசல் மூடிவிடும். சொல்லாவிட்டால், மருமகனைக் காப்பாற்றிவிட்டான் என்று ஊர் காறித் துப்பும். சொல்லிவிடுவது என்று ததேயு ஏறக்குறைய முடிவு செய்திருந்தார். சொந்தக்காரன் என்பதாலேயே சொல்ல வேண்டும் என்பது அவர் நியாயம். இருந்தாலும் இன்னொரு வாய் சொல்லக் கேட்டுவிட்டால் மனசு ஆறும். கடைசி ஆட்டத்துக்கு ரெஃப்ரியாக நின்றவர் பெனிட்டா.

“நீங்க கிட்ட நின்னு பாத்தவங்க, டீச்சர். அவன்தானே?”

பெனிட்டா எழுந்தார். பாவாடை சட்டையிலிருந்து ஜெர்சிக்கு மாறிய பெண்கள் மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தார்கள். பதினொரு பேர் நீலம், பதினொரு பேர் மஞ்சள்.

தன் சட்டைப் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து ததேயு கையில் கொடுத்தார்.

“நீலத்துல யாரு தப்புப் பண்ணினாலும் தூக்குங்க, அண்ணாச்சி. வெளிய அனுப்பிடறேன்.”

சின்னத் தப்புக்கெல்லாமா என்று ததேயு கேட்டார்.

“கமிஷன் நீங்கதானே?”

ததேயு கோட்டோரத்து பெஞ்சில் உட்கார்ந்தார். தன் வயதில் பாதிப் பெண் தனக்கு வேலை கொடுக்கிறாள் என்பது உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் அட்டை கையில் இருப்பது நன்றாக இருந்தது.

விசில் ஊதி நான்கு நிமிஷம் ஆகவில்லை. நீலத்தின் வலது தடுப்பாட்டக்காரி கரோலின், அவிழ்ந்த சடையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு நின்றாள். பந்து அவளைத் தாண்டிப் போனது. கோல்.

ததேயு அட்டையைத் தூக்கினார்.

கரோலின் நம்பாமல் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் பெஞ்சைக் காட்டினார். அவள் வந்து ததேயு பக்கத்தில் உட்கார்ந்து, சடையைப் பின்ன ஆரம்பித்தாள்.

அடுத்தவள் நடுவில் ஆடியவள். மூன்று பேரைத் தாண்டி, நாலாவது ஆளையும் தாண்டப் பார்த்துப் பந்தைத் தொலைத்தாள். இடதுபக்கம் ஒருத்தி சும்மா நின்றிருந்தாள், கொடுத்திருக்கலாம். ததேயு தூக்கினார். இதில் அவருக்குக் கண் தப்பாது. முப்பது வருடமாக ஆட்டம் பார்க்கிறவர்.

ஒன்பது பேர். மைதானத்தில் ஓட்டை தெரிந்தது. கேப்டன் ஜோவிட்டா அதை அடைக்கப் பின்னால் ஓடினாள். அவள் இருக்க வேண்டிய இடத்தில் அவள் இல்லை. மஞ்சள் அந்த வழியாகவே வந்து இரண்டாவது கோல் போட்டது.

ததேயு ஒரு நொடி யோசித்தார். அவள் ஏன் இடம் விட்டாள் என்பதும் அவருக்குத் தெரிந்தது. ஆனால் விட்டது விட்டதுதானே.

ஜோவிட்டா பெஞ்சுக்கு வந்ததும் வாய் ஓயவில்லை. அங்கிளுக்கு ஃபுட்பால் தெரியுமா, இல்லை கேரம் செலக்ஷனுக்கு வந்தவரா என்று கரோலினிடம் கேட்டாள். அவர் காதில் விழும்படியாகத்தான் கேட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கோபம் திசை மாறியது.

“அங்கிள், அந்த எட்டாம் நம்பரைப் பாருங்க. ஓடவே மாட்டேங்கிறா.”

கரோலின் சடையை விட்டுவிட்டு, எட்டாம் நம்பர் எப்போதுமே அப்படித்தான் என்றாள். நடு ஆட்டக்காரி, எட்டை விடு, கோல்கீப்பர் அன்சியைப் பார் என்றாள். பெஞ்சுக்கு வரும்வரை அவளுக்கும் அன்சிக்கும் ஒரே டிபன் பாக்ஸ்.

மூன்று பேரும் சொன்னதில் பொய் இல்லை. ததேயுவே கவனிக்காததைக்கூட அவர்கள் கவனித்தார்கள்.

பிறகு அது நடந்தது. மஞ்சள் பெண் ஒருத்தி தூரத்திலிருந்து அடித்தாள். பலமில்லாத அடி. உருண்டு வந்தது. அன்சி குனிந்தாள். பந்து அவள் காலிடுக்கில் புகுந்து, அவசரமே இல்லாமல் கோட்டைத் தாண்டியது.

பெஞ்சு முழுக்க ததேயுவைப் பார்த்தது.

ததேயுவின் கை எழவில்லை. அன்சி முட்டி போட்டு உட்கார்ந்து, முகத்தைக் கையுறைக்குள் புதைத்துக்கொண்டிருந்தாள். சீனி இல்லாத டீயின் துவர்ப்பு அவர் நாக்கில் வந்தது.

“என்ன அங்கிள், வேண்டியவளா?” என்றாள் ஜோவிட்டா.

அட்டை தன்னால் உயர்ந்தது.

அன்சி கையுறைகளைக் கழற்றி எட்டாம் நம்பரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். எட்டாம் நம்பருக்கு அவை தொளதொளத்தன. ஆயுளில் கோலில் நிற்காதவள். அடுத்து வந்த பந்தை விரலால் தொட்டாள், பிடிக்கவில்லை. நான்காவது கோல்.

இந்த முறை ததேயு தூக்குவதற்கு முன்பே பெஞ்சில் நான்கு கைகள் உயர்ந்துவிட்டன. அவற்றோடு அட்டையும் உயர்ந்தது.

நீளமாக ஒரு விசில். பெனிட்டா பந்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“என்ன டீச்சர், இன்னும் பாதி நேரம் கிடக்கே?”

“ஆறு பேர்தான் மிச்சம். ஏழு பேருக்குக் குறைஞ்சா ஆட்டம் கிடையாது, அண்ணாச்சி. ரூல்.”

அந்த ரூல் ததேயுவுக்கும் தெரியும். எண்ணத்தான் மறந்திருந்தார்.

மைதானத்தில் மஞ்சள் பதினொரு பேரும் இடுப்பில் கை வைத்து நின்றார்கள், எதிரே விளையாட ஆள் இல்லாமல். பெஞ்சில் ஐந்து பேர், இப்படி ஆனதற்கு யார் காரணம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கரோலின்தான் என்று நாலு பேர். கரோலின் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

ததேயு பெனிட்டா பக்கத்தில் போய் நின்றார். குரலைத் தாழ்த்தி, தான் தூக்கியதில் எது தப்பு என்று கேட்டார்.

பெனிட்டா அட்டையை வாங்கி, அவர் கைவியர்வையைத் தன் சட்டையில் துடைத்தார்.

“ஒண்ணுமே தப்பில்ல. அஞ்சும் சரிதான்.”

“அஞ்சுமா?”

“நான் தூக்கியிருந்தாலும் அதே அஞ்சு பேர்தான்.”

ததேயுவுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. எல்லாம் சரி என்றால் ஆட்டம் எப்படி நின்றது என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் பெனிட்டா திரும்பிவிட்டார்.

“நீலம், எல்லாரும் உள்ள வாங்க. நாலு–சைபர். விட்ட இடத்திலேர்ந்து.”

ஐந்து பேரும் எழுந்து ஓடினார்கள். அன்சி கையுறையைப் பிடுங்கிக்கொண்டாள். ஜோவிட்டா ஓடும்போதே கரோலினுக்கு, முடியைக் கட்டினது போதும், உன் பக்கத்தைப் பார் என்று கத்தினாள். நடு ஆட்டக்காரி அன்சியின் முதுகில் ஒன்று வைத்துவிட்டுப் போனாள். அடித்தாளா தட்டிக்கொடுத்தாளா தெரியவில்லை.

ததேயுவுக்கு இது நியாயமாகப் படவில்லை.

“என்ன டீச்சர், தப்புப் பண்ணினவங்களையா மறுபடி இறக்குறீங்க?”

“ஆமா.”

அவ்வளவு சொல்லிவிட்டு பெனிட்டா மைதானத்துக்குள் ஓடினார்.

பெஞ்சில் ததேயு ஒருவர்தான் மிச்சம். ஐந்தரை பஸ்ஸைத் தவற விட்டார். கரோலின் இன்னொரு தடவை கோட்டை விட்டாள். நடு ஆட்டக்காரி ஒரு முறை பந்தைக் கொடுத்தாள், இரண்டு முறை கொடுக்கவில்லை. நீலம் ஐந்துக்கு இரண்டு என்று தோற்றது. அந்த இரண்டாவது கோலுக்கு ததேயு எழுந்து நின்றுவிட்டார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து பொதுக்குழு கூடியது. இருநூறு பேருக்குக் குறையாது. கோயிலை ஒட்டிய மண்டபம். பின்வாசலில் அடுப்பு. கையில் கரண்டியோடு பெண்கள் ஜன்னல் ஓரம் நின்று கேட்டார்கள். கில்டஸின் அம்மா கடைசி ஜன்னலில் நின்றாள். கில்டஸ் மண்டபத்தின் மூலையில், சுவரோடு சுவராக நின்றான்.

ததேயு வாசித்தார். சுற்றி வளைக்கவில்லை. கடைசி ஆட்டத்தில் போன இரண்டு கோலும் கில்டஸின் தவறு. முதலாவதில் குனிவதற்குத் தாமதித்தான். இரண்டாவதில் காலைச் சேர்க்கவில்லை. அவனிடமே கேட்டாயிற்று, அவனும் ஒத்துக்கொண்டான்.

மண்டபம் திருப்தியாக அசைந்து உட்கார்ந்தது. சொந்த மருமகன் என்றும் பார்க்கவில்லையே, மனுஷன்னா இவன் மனுஷன் என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். கடைசி ஜன்னலில் இருந்த கரண்டி காணாமல் போனது.

தலைவர் மச்சாது பதிவேட்டைப் புரட்டி, கில்டஸின் பெயர் இருந்த வரியில் விரல் வைத்து, பேனாவைத் திறந்தார்.

ததேயு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பதிவேட்டின் மேலேயே விரித்தார். போலீஸ் தேர்வுக்கான கிளப் கடிதம். கில்டஸ் பெயருக்கு டைப் அடித்து, செயலாளர் கையெழுத்தும் போட்டிருந்தது. தலைவர் கையெழுத்துக்கு மட்டும் இடம் காலி.

முதலில் முன்வரிசை எழுந்தது, பிறகு மண்டபமே எழுந்தது. அப்போ ஒரு மாசமா என்னத்த விசாரிச்சீரு என்றார் ஒருவர். அக்கா வீட்டுச் சாப்பாடு வேலை செய்யுது என்றார் இன்னொருவர். இவரையே நீக்கணும் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்குக் கொஞ்சம் கைதட்டலும் கிடைத்தது.

மச்சாது கையை உயர்த்தி எல்லாரையும் உட்கார வைத்தார். பேனாவை மூடவில்லை. வழவழா கொழகொழா வேண்டாம், ஒன்றைச் சொல்லும், அவன் குற்றவாளியா இல்லையா என்று கேட்டார்.

“குற்றவாளிதான். சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க. செவ்வாக்கிழமை அவன் அங்க போகணும், வெள்ளிக்கிழமை திருவிழாக் கோப்பைக்கு இங்க வந்து கோல்ல நிக்கணும்.”