மூடி போட்ட காபி

குஞ்சிதபாதத்துக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் கார் ஷெட்டுக்கும் நடையாய் நடந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர் என்று பெயர்தான், ஒரு நாளும் ஓய்ந்து உட்கார்ந்ததில்லை. காரை விற்றுவிட்டு ஷெட்டில் மரவேலைப் பட்டறை போட்டிருந்தார்.

பட்டறை வந்த கையோடு மனைவி சுலோசனாவுக்கு இருமலும் வந்தது. "ஒண்ணு தூசி நிக்கணும், இல்லேன்னா நான் தஞ்சாவூருக்குத் தங்கச்சி வீட்டோட போறேன்" என்று சொல்லிவிட்டாள். மனிதர் பதறிப்போய்த் தூசி உறிஞ்சும் மெஷின் ஒன்றை வாங்கி மாட்டினார். அப்படியும் இருமல் நிற்கவில்லை; மறுநாள் காலை ரயிலுக்கு அவள் பெட்டி கட்டிவிட்டாள். அதனால் தனக்கு மரவேலை கற்றுத்தரும் ரெஜினாவை வந்து பார்க்கச் சொன்னார். ரெஜினாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் குஞ்சிதபாதத்துக்கு அவர்தான் மாஸ்டர்.

மாஸ்டர் வந்ததும் குஞ்சிதபாதம் மூச்சு விடாமல் பேசினார். "இழுப்பு குறையக் கூடாதுன்னு மெஷின் குழாயில ரெண்டே வளைவுதான் வெச்சேன் மாஸ்டர். தூள் உரசி பிளாஸ்டிக்ல பொறி பறக்கும்னு செம்புக் கம்பி சுத்தி எர்த் கொடுத்துட்டேன். மாஸ்க் போடாம நான் ரம்பத்தையே தொடறதில்ல."

ரெஜினா ரம்ப மேசையை விரலால் தடவிப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது.

"பாத்தீங்களா! உள்ள வந்து அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, இனிமே பயமில்லைன்னு. நீங்க சொன்னா நம்புவா."

"ஊதுபத்தி இருக்கா சார்?"

"மெஷினுக்குப் பூஜை அன்னிக்கே போட்டாச்சே."

"கொண்டு வாங்க."

கொண்டு வந்தார். மெஷினைப் போடச் சொன்னார் ரெஜினா. அது உறும, அதன் துணிப் பை உப்பி நிமிர்ந்தது. ஷெட்டில் வேறு இடம் இல்லாததால், வீட்டுக்குள் போகிற கதவை ஒட்டி அந்தப் பையை நிறுத்தியிருந்தார் குஞ்சிதபாதம்.

ரெஜினா ஊதுபத்தியைப் பையின் பக்கத்தில் பிடித்தார். புகை மேலே போகவில்லை. பையிலிருந்து வந்த காற்று அதைக் கதவுப் பக்கம் தள்ளியது. கதவின் அடியிலிருந்த சந்து வழியே புகை வீட்டுக்குள் போனது.

"பைதான் தூளைப் பிடிச்சுடுதே மாஸ்டர். வெளிய வர்றது வெறும் காத்துதானே?"

"காபி கிடைக்குமா சார்?" என்றார் ரெஜினா.

உள்ளே போனார்கள். சுலோசனா இருமிக்கொண்டே காபி கொண்டு வந்தாள். இரண்டு டம்ளர் மேலும் சின்னத் தட்டுகள் மூடியிருந்தன.

ரெஜினா சுற்றிலும் பார்த்தார். தண்ணீர்க் குடத்தின் மேல் தட்டு. கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களின் மேல் துண்டு. கட்டிலில் விரித்த மெத்தைக்கு மேல் ஒரு பழைய புடவை. எல்லாவற்றுக்கும் மூடி இருந்தது.

"எப்பலேருந்தும்மா இப்படி மூடி வைக்கறீங்க?"

"இவர் பட்டறை போட்டதுலேருந்து. திறந்து வெச்சா மாவு மாதிரி படிஞ்சுடுது."

"மெஷின் வந்தப்புறம்?"

"அதுக்கப்புறம்தான் மெத்தையையும் மூடறேன்."

குஞ்சிதபாதம் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ரெஜினா அவர் பக்கம் திரும்பினார்.

"சார், இந்த வீட்டுல இன்னும் மூடாதது எது?"

பரீட்சையில் கேட்டதுபோல அவர் பரபரவென்று தேடினார். அலமாரியைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அப்போது சுலோசனா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு இருமினாள். அவள் முகத்தில் மாஸ்க் இல்லை; அவருடைய மாஸ்க் அவர் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

தாளம் நின்றது. அவருக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது.

"பையை எங்க வைக்கட்டும் மாஸ்டர்?"

"மாவுத் தூசி துணியில நிக்காது சார், காத்தோட வந்துடும். வீட்டுக்கு வெளிய, பின்னால வைங்க. யார் ஜன்னலும் இல்லாத பக்கமா ஒரு கூண்டு கட்டுங்க. அந்தக் கதவுச் சந்தையும் அடைங்க."

"ராத்திரிக்குள்ள முடிச்சுடறேன். காலையில வந்து இவகிட்ட சொல்லிடறீங்களா, பயமில்லைன்னு? இல்லேன்னா ரயில் ஏறிடுவா."

ரெஜினா காபியைக் குடித்து முடித்தார். தட்டை எடுத்துக் காலி டம்ளர் மேல் மூடி வைத்தார்.

"ஏறட்டும் சார். திரும்பி வந்து இவங்க மூடி போடாம காபி கொடுக்கற அன்னிக்கு என்னைக் கூப்பிடுங்க."