குஞ்சம்மா முந்திப் போன கதை

கண்ணை மூடிக்கோ. காலை ஆட்டாதே. நீ ம் கொட்டினாத்தான் கதை நகரும், சொல்லிட்டேன்.

ஒரு ஊர்ல ஒரு நடக்கற சங்கம் இருந்துச்சு. சிரிக்காதே, நடக்கறதுக்குன்னே ஒரு சங்கம். வேலையிலேர்ந்து ஓய்வு வாங்கினவங்க, சக்கரை வியாதிக்காரங்க, வீட்ல இருப்புக் கொள்ளாதவங்கன்னு பதினாலு பேரு. தலைவரு பக்கிரிசாமி சார், பழைய டிரில் வாத்தியாரு. கழுத்துல எப்பவும் விசில் தொங்கும். அந்தச் சங்கத்துல ஒரு சட்டம். யாரு ரொம்ப மெதுவோ அவங்கதான் முன்னாடி நடக்கணும். யாரு வேகமோ அவங்க கடைசி. அப்பத்தான் யாரும் விட்டுப்போக மாட்டாங்களாம். ம் சொல்லு.

அந்தக் கடைசி ஆளுதான் குஞ்சம்மா. அம்பது வயசு ஆச்சு, ஆனா விசுக் விசுக்குன்னு நடப்பா. ஏன் அவ்ளோ வேகம்? ஆறு வருஷத்துக்கு முன்னாடி அவ அம்மா செத்தப்போ, இவ போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. அக்கா தையல்நாயகி வாசல்லயே வச்சு, "எல்லாம் முடிஞ்சப்புறம் எதுக்கு வந்தே"ன்னு கேட்டுட்டா. பஸ் வரலைன்னு இவ சொன்னா, அவ நம்பல. அன்னையிலேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல. அப்புறம் எங்க கிளம்பினாலும் குஞ்சம்மாவுக்கு லேட்டாயிடுமோ, லேட்டாயிடுமோன்னு நெஞ்சு அடிச்சுக்கும்.

அப்புறம் ஒரு நாள், சங்கம் கடலோரமாவே நடந்து, ஆறு வந்து கடல்ல விழற முகத்துவாரத்தைக் கடந்து, அந்தப் பக்கத்து ஊர்ல மத்தியானச் சோறு சாப்பிடறதா ஏற்பாடு. காலையில அங்க முழங்கால் தண்ணிதான். உச்சி வேளைக்குக் கடல் ஏறி ஆளையே முழுங்கிடும். அந்தப் பக்கத்து ஊருதான் தையல்நாயகி ஊரு. அன்னைக்கு ஒரு மணி பஸ்ஸைப் பிடிச்சு, ரயிலேறி, சூரத்துல இருக்கற மகன்கிட்ட ஒரேயடியா போறாளாம். அது குஞ்சம்மா காதுக்கு வந்துடுச்சு. போறதுக்குள்ள ஒரு தடவை அக்கா மூஞ்சியைப் பாத்துடணும். ஆனா யார்கிட்டயும் வாயைத் திறக்கல, அவ்ளோ ரோஷம்.

அப்போ எல்லாருக்கும் முன்னாடி போறது ரோஸ்மேரி டீச்சர். தங்கமான மனுஷி, ஆனா ஒரு கிளிஞ்சலைப் பாத்தா நின்னுடுவாங்க. குனிவாங்க, எடுப்பாங்க, ஊதுவாங்க, பையில போடுவாங்க. கிணுக். நாலடி நடந்து மறுபடியும் கிணுக். கடைசியில நிக்கற குஞ்சம்மாவுக்கு உள்ளங்கால் அரிக்குது. "டீச்சர், திரும்பி வரும்போது பொறுக்கலாமே"ன்னா. "வரும்போது இது இருக்காதேம்மா"ன்னுட்டாங்க.

அப்புறம் கொஞ்ச தூரத்துல கரைவலை இழுத்துக்கிட்டு இருந்தாங்க. கடலுக்குள்ளேர்ந்து மேட்டு வரைக்கும் கயிறு குறுக்கே கிடக்குது. "கயித்தைத் தாண்டாதீங்க, மீன் படாது. அவசரம்னா ஒரு கை பிடிங்க"ன்னு வலைக்காரர் சொன்னாரு. பதினாலு பேரும் பிடிச்சாங்க. ஐலசா, ஐலசா. கை எரியுது, வெயில் ஏறுது. ஒரு மணி நேரம் இழுத்ததுல வந்தது ரெண்டு கூடை காரப்பொடி மீனுதான். என்ன, தூங்கிட்டியா? ம்.

மூணாவதா என்ன ஆச்சுன்னா, டீச்சர் குதிகால்ல கொப்புளம். தொப்புன்னு மணல்ல உக்காந்துட்டாங்க. பக்கிரிசாமி சார் பீஈஈன்னு ஊதி, "எல்லாரும் கால்மணி நேரம் ஓய்வு"ன்னாரு.

அவ்ளோதான், குஞ்சம்மாவுக்குத் தாங்கல. செருப்பைக் கையில எடுத்தா. அலை ஓரமா தடதடன்னு ஓடினா. பின்னாடி பீஈ, பீஈன்னு விசில். திரும்பியே பாக்கல. முகத்துவாரத்துல தண்ணி நெஞ்சு வரைக்கும் ஏறியாச்சு. சளப், சளப். நடுவுல கால் வழுக்கி ஒரு வாய் உப்புத்தண்ணியும் குடிச்சா. எப்படியோ கரையேறி, சொட்டச் சொட்ட அக்கா வீட்டு வாசல்ல போய் நின்னா.

வீடு பூட்டிக் கிடக்கு.

பக்கத்து வீட்டம்மா எட்டிப் பாத்து, "நீ குஞ்சம்மாதானே? உன்னைத் தேடித்தானே போனா. நடக்கற சங்கத்துக்குச் சோறு பண்ணச் சொல்லியிருக்குன்னு ஊரெல்லாம் பேச்சு, அதுல நீயும் இருக்கேன்னு தெரிஞ்சு காலையிலயே தண்ணியைக் கடந்துட்டா. வெயிலுக்குப் பயந்து சவுக்குத் தோப்பு வழியா போயிருப்பா"ன்னாங்க.

இவ அலை ஓரமா ஓடியிருக்கா, அவ தோப்புக்குள்ள நடந்திருக்கா.

அப்போ குஞ்சம்மா திரும்பி ஓடினா. அதுக்குள்ள தண்ணி ஆள் மட்டம். அக்கரையில சங்கம் மொத்தமும் நிக்குது, நடுவுல ஒரு நீலப் புடவை. அக்காதான். படகெல்லாம் கடல்ல. பாலத்து வழியா சுத்தினா பதினஞ்சு கிலோமீட்டர். பதினாலு பேருக்கு வடிச்ச சோறு இந்தப் பக்கம், பதிமூணு வயிறு அந்தப் பக்கம். "அக்கா"ன்னு இவ கத்தறா, அவளும் என்னமோ கத்தறா. ஹோன்னு அலை எல்லாத்தையும் தின்னுடுது. ஒரு மணிக்கு ஊருக்குள்ளேர்ந்து பாம் பாம்னு சத்தம். பஸ் கிளம்பிடுச்சு. அக்கரையில தையல்நாயகி அப்படியே மணல்ல உக்காந்துட்டா. இக்கரையில குஞ்சம்மா தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. தன்னாலதானே அக்கா ரயிலை விட்டான்னு அழுதா.

ரெண்டு பேரும் எழுந்திருக்கல. சாப்பிடவும் இல்ல. சாயங்காலம் தண்ணி வடிஞ்சுது. நெஞ்சு, இடுப்பு, முழங்கால். அக்கா அந்தப் பக்கம் இறங்கினா, தங்கச்சி இந்தப் பக்கம் இறங்கினா. நடு ஆத்துல வந்து நின்னாங்க. குஞ்சம்மா திட்டு வாங்கத் தயாரா தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

தையல்நாயகி, தண்ணியில தோய்ஞ்ச தங்கச்சி முந்தானையைப் பிடிச்சுப் பிழிஞ்சுக்கிட்டே மெதுவா கேட்டா, "அன்னைக்கு நெசமாவே பஸ் வரலையாடி?"

"வரலக்கா."

"சரி, வா. அடுத்த ரயில் நாளன்னைக்குத்தான்."

ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டாங்க. கதையும் கரையேறிடுச்சு. நீயும் காலை ஆட்டாம தூங்கு.